இரைச்சல் இல்லாத கார்டு

— நல்லா இருக்கு மச்சான்.

— என்ன நல்லா இருக்கு மாப்பிள்ளை? நான் இன்னும் பாட்டே போடல.

— போட வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.

— ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, தலையை வேற ஆட்டினீங்க. எதுக்கு ஆட்டினீங்க?

— ஒண்ணும் கேக்கல. அதான்.

— இந்தக் கடை வெச்ச நாளா எத்தனையோ பேருக்கு சவுண்டு கார்டு வித்திருக்கேன். ஒண்ணும் கேக்கலைன்னு சந்தோஷப்பட்டவர் நீங்க ஒருத்தர்தான்.

— இருங்க, இருங்க. மெலிசா ஒரு சர்ர்ர் வருது.

— அது என் ஃபேன்.

— நிறுத்துங்க.

— வேர்க்கும் மாப்பிள்ளை.

— தங்கச்சி புருஷனுக்காகக் கொஞ்ச நேரம் வேர்க்கக் கூடாதா?

— நியாயம்தான். நிறுத்தியாச்சு. இப்ப?

— இப்பவும் வருது. ஃபேன் மேல பழி போட்டுட்டேன். கார்டுதான். அடுத்ததைக் காட்டுங்க.

— கேளுங்க மாப்பிள்ளை. இப்ப நீங்க கேட்டது கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள சொருகற கார்டு. ஓரமெல்லாம் தங்கக் கலர்ல மினுக்கும். அந்த மினுக்கைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வாங்கறாங்க. பெட்டியை மூடின பிறகு அதை யார் பாக்கப் போறாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

— பாக்க நல்லாத்தான் இருக்கு. ஏன் இரையுது?

— உள்ள இருக்கறது கூட்டுக்குடும்பம். ஃபேன், டிஸ்க்கு, கரண்டு எல்லாம் ஒரே வீட்ல குடியிருக்கு. ஒருத்தர் இருமினா எல்லாருக்கும் கேக்கும்.

— என் கம்ப்யூட்டர்லயும் அதே கதைதான். மௌஸை நகத்தினா காதுல கிர்ர்ருங்குது. பக்கத்தை மேல தள்ளினா ஒரு கிர்ர். கீழ தள்ளினா வேற கிர்ர்.

— கம்ப்யூட்டரோட கூடவே வர்ற சவுண்டு அப்படித்தான் இருக்கும். உங்க பெட்டி வேற பழசு. பாட்டு போட்டா அமுங்கிடும்.

— பாட்டு போட்டா அமுங்கும்.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— போடலைன்னா?

— போடலைன்னா எதுக்கு மாப்பிள்ளை ஹெட்போன்?

— அது கிடக்கட்டும். அடுத்ததைக் காட்டுங்க.

— மில்லுல வேலை பார்த்தவர் நீங்க. அத்தனை மெஷின் ஓடற சத்தத்துல ஒரு பேரிங் கீச்சுன்னா கண்டுபிடிச்ச காது. இந்தச் சின்ன இரைச்சல் உங்களை என்ன பண்ணும்?

— பேரிங் கத்தும் மச்சான். நான் கேக்க வேண்டியது கத்தாது. மெல்ல வரும். கத்தச் சொல்லவும் முடியாது.

— என்னவோ சொல்றீங்க. இந்தாங்க, இது வெளிய வெச்சுக்கற பெட்டி. தனிக்குடித்தனம். கம்ப்யூட்டர் இருமினா இதுக்குக் கேக்காது. முன்னாடி பெருசா ஒரு வால்யூம். ஒரு பாட்டு போடட்டுமா? இதுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன். அடியில டிரம்மு, மேல புல்லாங்குழல். புல்லாங்குழல் வாசிக்கறவர் மூச்சு இழுக்கறதுகூடத் தெரியும்.

— வேண்டாம்.

— மூச்சு மட்டுமாவது கேளுங்க.

— அவர் மூச்சு எனக்கு எதுக்கு? ஃபேனைப் போட்டுடாதீங்க. ம்.

— ம்?

— ம்ம்ம்.

— மாப்பிள்ளை?

— சுத்தம். கழுவித் துடைச்சுக் கவுத்து வெச்ச பாத்திரம் மாதிரி இருக்கு. உங்க பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷின் ஓடறது அட்சரம் பிசகாமக் கேக்குது.

— அது ஒரு குறையாச்சே!

— குறை இல்ல மச்சான். விலை என்ன?

— அடியில ஒட்டியிருக்கு.

— இருங்க, கண்ணாடியை எடுத்துக்கறேன்.

— இப்பத் தெரியுதா?

— கண்ணாடி போடாம படிச்சுட்டேனோன்னு நினைச்சேன். போட்டும் அதேதான் இருக்கு.

— எனக்கு வர்ற லாபத்தை விட்டுடறேன். அப்பவும் உங்க பென்ஷனுக்கு இது அதிகம்தான். அதை வையுங்க. நியாயமா ஒரு யோசனை சொல்லட்டா? உங்களுக்குக் கார்டை விட ஹெட்போன்தான் பிரச்சினை.

— மக வாங்கிக் கொடுத்தது. அதுக்கு என்ன?

— நல்ல சாமான்தான். ஆனா காதை அடைக்காத ரகம். வெளிப்பக்கம் சல்லடை மாதிரி இருக்கு பாருங்க. வெளியில போற வர்ற சத்தமெல்லாம் உள்ள வந்துடும். முழுசா மூடற ரகம் ஒண்ணு தர்றேன், மாத்திக்குங்க. மாட்டினா ஊரே அடங்கின மாதிரி இருக்கும். என் தங்கச்சி பாப்பா அடுப்படியில பாத்திரத்தை உருட்டினாக்கூட உங்களுக்குக் கேக்காது.

— ஐயோ, வேண்டாம் மச்சான்!

— ஏன் இப்படிப் பதறறீங்க? கார்டு கீழ விழப் போகுது, பாத்து.

— வெளிச் சத்தம் எனக்கு வரணும்.

— உள்ள பாட்டு வேண்டாம். வெளிச் சத்தம் வேணும். இதுக்கு ஹெட்போனைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உக்காந்தாலே போதுமே மாப்பிள்ளை. செலவே இல்ல.

— கழட்டினா நின்னுடும்.

— எது நின்னுடும்?

— அது கிடக்கட்டும்.

— ஃபேனைப் போடட்டுமா?

— போடுங்க. நல்லா வேர்த்துட்டீங்க.

— போட்டாச்சு. இப்பச் சொல்லுங்க. எது நின்னுடும்?

— உங்க தங்கச்சி பாடறா.

— யாரு? பாப்பாவா?

— எனக்கு வேற எந்த மச்சான் இருக்கான், உங்களுக்கு வேற எந்தத் தங்கச்சி இருக்கா?

— அவ பாடறதை விட்டு எவ்வளவு காலமாச்சு! என் பேரன் பிறந்தப்ப ஒரு தாலாட்டுப் பாடுன்னு கேட்டேன். தொண்டை சரியில்ல அண்ணேன்னா. அடுத்த மாசம் கேட்டேன். அப்பவும் தொண்டை. எத்தனை மாசம்தான் ஒரு தொண்டை சரியில்லாமப் போகும்னு நானும் விட்டுட்டேன்.

— தொண்டைக்கு ஒண்ணுமில்ல. பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போயிட்டிருந்தா இல்ல? அங்க பாட்டுச் சொல்லித் தர்ற அம்மா ஒருநாள் இவளைப் பின்வரிசைக்குப் போகச் சொல்லிட்டாங்க. அதுகூடப் பரவாயில்ல. நீங்க வாயை மட்டும் அசைங்கம்மான்னுட்டாங்க.

— எல்லார் முன்னாடியுமா?

— மெதுவாத்தான் சொன்னாங்களாம். மெதுவாச் சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க இல்லையா. சுருதி சேரலையாம்.

— கேளுங்க மாப்பிள்ளை, எனக்கு வயிறு எரியுது. பாடறது யாருக்கு? கடவுளுக்கா, அந்த அம்மாவுக்கா? கடவுள் என்னிக்காவது யாரையாவது பின்வரிசைக்குப் போன்னு சொல்லியிருக்காரா?

— அது கிடக்கட்டும். சுருதி சேரலைங்கறது உண்மைதான்.

— மாப்பிள்ளை!

— எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாளா கேட்டிருக்கேன். மேல போகும்போது ஒரு பக்கமாச் சாயும். கீழ வரும்போது இன்னொரு பக்கம். எனக்கு அந்தச் சாய்வுதான் வேணும். வீட்டுக்கு வந்து சொன்னா, இனிமே நான் பாட மாட்டேங்க, அவங்க சொன்னது சரிதான்னா. நான் ஆறுதலா நாலு வார்த்தை சொன்னேன். நல்ல வார்த்தைதான். ஒண்ணும் நடக்கல. அதோட வீடு ஊமையாப் போச்சு. குழாயில தண்ணி விழும், அது ஒண்ணுதான் சத்தம்.

— அப்புறம் எப்படிப் பாடினா?

— ரிட்டயர் ஆனதுக்கு மக இந்த ஹெட்போனை அனுப்பினா. ஒருநாள் மாட்டிக்கிட்டுப் பாட்டு கேட்டுட்டிருந்தேன். பாட்டு முடிஞ்சது. அடுத்ததைப் போடச் சோம்பேறித்தனம். அப்படியே உக்காந்திருந்தேன். அடுப்படியிலேர்ந்து ஒரு சத்தம். முதல்ல குழாய்னு நினைச்சேன். குழாய் ஒரு பக்கமாச் சாயாதே!

— பாப்பா.

— ஆமா. ஆசையில ஹெட்போனைக் கழட்டிட்டுத் திரும்பினேன். டக்குனு நிறுத்திட்டா. காபி வேணுமான்னு கேட்டா. மறுநாள் மாட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா, அப்புறம் ஆரம்பிச்சா. எனக்குக் கேக்காதுன்னு நினைக்கறா மச்சான். நான் காதை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா மட்டும்தான் வாயைத் திறக்கறா.

— அதனால தினமும் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஒண்ணும் போடாம.

— ஸ்க்ரீன்ல பாட்டு ஓடும். சத்தத்தை மட்டும் அமுக்கிடுவேன். அப்பப்ப தலையை ஆட்டுவேன். ஆட்டலைன்னா சந்தேகம் வரும்.

— எந்தத் தாளத்துக்கு ஆட்டறீங்க?

— அவ தாளத்துக்கு ஆட்டினா மாட்டிக்குவேனே. கொஞ்சம் தள்ளி ஆட்டுவேன்.

— சபாஷ். இதுல இரைச்சல் எங்க வந்துச்சு?

— சத்தத்தை அமுக்கினாலும் அந்த சர்ர்ர் போக மாட்டேங்குது. பெட்டி பழசாக ஆக அது கூடிக்கிட்டே வருது. அவளோ மெல்லத்தான் பாடறா. போன வாரம் ஒரு பாட்டுல பாதிதான் எனக்குக் கிடைச்சது. இப்படியே போனா அந்த அம்மா சொன்ன மாதிரி ஆயிடும். இவ வாயசைக்கறது மட்டும்தான் எனக்கு மிச்சம்.

— கம்பியைப் பிடுங்கிட்டு உக்கார வேண்டியதுதானே?

— பிடுங்கினேன். காபி கொண்டுவந்தவ, கம்பி என் மடியில கிடக்கறதைப் பார்த்துட்டா. இது எதுல மாட்டியிருக்குன்னு கேட்டா. இது புது மாதிரி, கம்பி இல்லாமலே ஓடும்னேன். அப்ப கம்பி எதுக்குன்னா. அழகுக்குன்னேன்.

— நம்பினாளா?

— ஓகோன்னுட்டுப் போயிட்டா. அன்னிக்கே கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

— மன்னிச்சாரா?

— மறுநாள் இரைச்சல் கூடிடுச்சு.

— சிரிப்பு மூட்டாதீங்க, கையில ஸ்க்ரூடிரைவர் இருக்கு. ஒண்ணு சொல்லட்டா? ஒருத்தரை வாயை மூடச் சொல்ல அந்த அம்மாவுக்கு ஒரு நொடி போதும். அதைத் திறக்க வைக்க நீங்க தினமும் செவிடு மாதிரி உக்காந்திருக்கீங்க. இது எந்தப் பிரார்த்தனைக்கும் குறைஞ்சது இல்ல மாப்பிள்ளை.

— அது கிடக்கட்டும். கார்டுக்கு வழி சொல்லுங்க. அந்தப் பெட்டியைத் தவணையில தருவீங்களா?

— தர மாட்டேன்.

— மச்சான்.

— நியாயமாப் பேசறேன், கேளுங்க. அந்தப் பெட்டி கனமான ஹெட்போன் வெச்சிருக்கவங்களுக்கு. உங்களோடது இலேசான ரகம், அதுக்கு இது யானைத் தீனி. இந்தாங்க, இந்தக் கம்பியைப் பாருங்க. நடுவுல ஒரு சின்ன சக்கரம் இருக்கா? இது வால்யூம். ஒரு முனையைக் கம்ப்யூட்டர்ல சொருகுங்க, இன்னொரு முனையில ஹெட்போன். சக்கரத்தை முழுக்கக் குறைச்சுட்டீங்கன்னா கம்ப்யூட்டர் இருமினாலும் செருமினாலும் உங்க காதுக்கு ஒரு பொட்டு வராது. இரைச்சலும் சேர்ந்து செத்துடும். மாட்டிப் பாருங்க.

— ...

— என்ன?

— ஜெராக்ஸ் மெஷின் கேக்குது. வேற ஒண்ணும் இல்ல. மச்சான், இவ்வளவுதானா? அப்ப கார்டே வேண்டாமா?

— வேண்டாம்.

— இதை ஏன் முதல்லயே சொல்லல?

— நீங்க ஏன் முதல்லயே சொல்லல?

— நியாயம். ஆனா கார்டு ஒண்ணு கொடுங்க.

— இப்பத்தானே வேண்டாம்னேன்!

— காலையில அவகிட்ட சவுண்டு கார்டு வாங்கப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். வெறும் கம்பியோட போய் நின்னா அது இன்னொரு பொய் ஆயிடும். ஏற்கெனவே அழகுக்குன்னு சொன்னது ஒண்ணு பாக்கி இருக்கு.

— சரிதான். அப்ப இதை எடுத்துக்குங்க. இருக்கறதுலயே மலிவு. கட்டைவிரல் நீளம்தான். வெளிய யூ.எஸ்.பி.ல சொருகிட்டாப் போதும், பெட்டியைத் திறக்க வேண்டாம். உங்க ஹெட்போனைத் தாராளமாத் தள்ளும். என்னிக்காவது நிஜமாவே பாட்டு கேக்கணும்னு தோணினாலும் இது உங்களுக்குப் போதும். ஒரே குறை, தலையில ஒரு நீல விளக்கு. பாட்டு ஓடினாலும் எரியும், ஓடாட்டியும் எரியும். வாங்கினவங்க எல்லாம் அதைப் பத்தித்தான் புகார் சொல்றாங்க.

— ஓடாட்டியும் எரியுமா?

— அணைக்கவே முடியாது.

— எங்க இருந்தாலும் தெரியுமா? அடுப்படியிலேர்ந்து?

— தெருவிலேர்ந்தே தெரியும்.

— இதைத்தான் மச்சான் தேடிக்கிட்டிருந்தேன். பையில போடுங்க.

— கார்டுக்கு மட்டும் கொடுங்க. கம்பிக்கு வேண்டாம்.

— அது எப்படி? வியாபாரம் வியாபாரம்தான்.

— கம்பி என் தங்கச்சிக்கு. உங்களுக்கு யார் கொடுத்தா? ஆனா ஒரு வேண்டுகோள் மாப்பிள்ளை. என்னிக்காவது தாலாட்டு எதையாவது பாடினா, எந்தத் தாலாட்டுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. எங்க வீட்ல நாங்க கேட்டு வளர்ந்தது ஒண்ணு இருக்கு. அவளுக்கு மட்டும்தான் முழுசாத் தெரியும். எனக்கு ரெண்டாவது அடிக்கு மேல மறந்து போச்சு.

— நிலாவைக் கூப்பிட்டு, வராட்டிப் போன்னு கோவிச்சுக்குமே, அதுவா?

— அதேதான்! பாடினாளா?

— நேத்து. இரைச்சலுக்கு நடுவுல நிலாவரைக்கும் கேட்டுச்சு. கோவிச்சுக்கிட்டது கேக்கல. அதனாலதான் இன்னிக்கே ஓடி வந்தேன்.

— கடவுளே. போங்க, சீக்கிரம் போங்க. பஸ் வர்ற நேரம்.

— மச்சான், அவகிட்ட நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சது. அப்புறம் ஜென்மத்துக்கும் பாட மாட்டா.

— சத்தியமாத் திறக்க மாட்டேன். ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன், பாத்துக்குங்க.

— ரெண்டையும் எப்படிச் சமாளிப்பீங்க?

— நீங்க தாளம் தள்ளித் தலையாட்டலையா, அது மாதிரிதான். கிளம்புங்க. படி ஒண்ணு உடைஞ்சிருக்கு, பாத்து இறங்குங்க.

— வர்றேன் மச்சான்.

— நல்லபடியாப் போங்க... இந்த போன் வேற அடிக்குது. ஹலோ? யாரு, பாப்பாவா? ஆயுசு நூறும்மா உனக்கு.

— என்ன அண்ணே, என்னைப் பத்தியா பேசிட்டிருந்தீங்க? அவர் அங்க வந்தாரா?

— வந்தார். இப்பத்தான் படி இறங்கினார்.

— என்னமோ போங்க. விலை ஜாஸ்தியா எதையாவது அவர் தலையில கட்டிட்டீங்களா?

— இருக்கறதுலயே மலிவானதைக் கொடுத்திருக்கேன். சத்தியமா.

— மலிவுன்னா இரையுமே. அவர் வெளிய போனப்ப நான் ஒருநாள் அவர் ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். ஒரே சர்ர்ர். இதுக்குள்ள உக்காந்துக்கிட்டு மனுஷனுக்கு என்ன கேக்கும்னு எனக்கே பாவமாப் போச்சு.

— இனி இரையாது. ஒரு கம்பி சேர்த்துக் கொடுத்திருக்கேன்.

— கம்பியா? அழகுக்கா?

— ...எதுக்கும்மா அப்படிக் கேக்கற?

— சும்மா கேட்டேன். அந்தக் காதை அடைக்கற ஹெட்போன் எதையும் மாத்திக் கொடுத்துடலையே?

— கொடுக்கல. அவரே வேண்டாம்னுட்டார்.

— அப்பாடா. வேற என்ன பேசினார் இவ்வளவு நேரம்? போய் ரொம்ப நேரமாச்சே.

— என்னென்னமோ பேசினோம். பாப்பா, என்னை ஒண்ணும் கேக்காதே. வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.

— எதைப் பத்தி?

— எதைப் பத்தின்னு சொன்னா வாயைத் திறந்த மாதிரி ஆயிடும்.

— ஓகோ. சரி, வெச்சுடறேன், அவர் வர்றதுக்குள்ள அடுப்படி வேலையை ஆரம்பிக்கணும்.

— வேலை இருந்தா அப்புறமாப் பேசு. கார்டு நல்லா ஓடும், கவலைப்படாதே. நீல விளக்கு வேற எரியும்.

— அது கிடக்கட்டும் அண்ணே. நேத்து நான் பாடினது எப்படி இருந்துச்சுன்னு ஏதாவது சொன்னாரா?